மாமன் மடியில் ஒரு வேண்டாம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். லூனாஸ் பாலர் பள்ளியில் இருபது வருடமாகக் குழந்தைகளோடு இருந்தும் அது இறங்கவில்லை. குழந்தைகள் மீது வராது, பெரியவர்கள் மீதுதான் வரும். அதிலும் மேலிடத்திலிருந்து வரும் கையேடுகள் மீது தனியாக வரும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உடல் பாதுகாப்பைச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு மலாய்க் கையேடு வந்தது. அதில் நீச்சல் உடை போட்ட ஒரு குழந்தையின் படம். நீச்சல் உடை மறைக்கும் இடமெல்லாம் நமக்கே நமக்கான இடம், வேறு யாரும் தொடக்கூடாது என்று பாடம். நல்ல பாடம்தான். நானும் படத்தைப் பெரிதாக வரைந்து பலகையில் ஒட்டினேன்.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். விடுமுறையில் கரங்கான் பக்கம் ஆற்றுக்குப் போனால் முழுக்கைச் சட்டையும் முட்டிக்குக் கீழே இறங்கும் சிலுவார் காற்சட்டையுமாகத்தான் தண்ணீரில் இறங்குவார்கள். நீச்சல் உடை என்றால் அவர்களுக்கு அதுதான். மறுநாள் ஓடி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட ஒரு பிள்ளை என்னை மருந்து போட விடவில்லை.

"அது நீச்சல் எடம் டீச்சர், நீங்க தொடக்கூடாது."

மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையை என்னவென்று திட்டுவது? கோபப்பட ஆளில்லாமல் சிரித்துவிட்டேன்.

அடுத்த பாடம் இன்னும் மோசம். தெரியாத ஆள் கூப்பிட்டால் போகக்கூடாது என்பது பாடம். சரி, தெரியாத ஆள் என்றால் யார், ஆளுக்கு ஒருவரைச் சொல்லுங்கள் என்றேன். வகுப்பு யோசித்தது.

"போஸ்மென்" என்றது ஒன்று.

"இல்லலா, அவரு போஸ்மென் அங்கிள்" என்று இன்னொன்று அடித்துச் சொன்னது.

ரொட்டி விற்க வருபவர் ரொட்டி மாமா. வேன் ஓட்டுபவர் வேன் அங்கிள். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் காவலர் ஜாகா தாத்தா. அரை மணி நேரம் தேடியும் அந்த வகுப்பால் ஒரே ஒரு தெரியாத ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிரே வருகிற எல்லோரையும் மாமா, அண்ணே, அக்கா என்று கூப்பிடச் சொல்லி நாம்தான் பழக்கியிருக்கிறோம். கூப்பிடாவிட்டால் தலையில் ஒரு குட்டும் வைத்திருக்கிறோம். இப்போது திடீரென்று தெரியாத ஆளைக் காட்டு என்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

எனக்கு நான் பிறந்த தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஓர் ஆள் இருந்தார். அவரையும் மாமா என்றுதான் கூப்பிட்டோம். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் பெண்பிள்ளைகள் நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போவோம். எந்தப் பெரியவரும் எங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை, நாங்களும் எந்தப் பெரியவரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. என்னைவிட ஒரு வயது மூத்தவள் எனக்கு வழி காட்டினாள். நான் எனக்குப் பின்னால் வந்தவளுக்குக் காட்டினேன். நடந்து நடந்து தொட்டிக்குப் பின்னால் புல் செத்து ஒரு தடமே விழுந்துவிட்டது. பெரியவர்கள் தினமும் அந்தத் தடத்தைப் பார்த்தார்கள். இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கையேட்டை மூடி அலமாரியில் வைத்தேன். நானே ஒரு பாடம் செய்தேன். ஆள் யார் என்ற பேச்சையே எடுத்துவிட்டேன். யாராக இருந்தாலும் சரி, உன்னைத் தொடுவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் கையை நேராக நீட்டி, "வேண்டாம், நிறுத்துங்க, இது என் உடம்பு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முழங்கை மடியக்கூடாது. சொன்னால் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். உடம்பு சரியில்லாதபோது டாக்டர் மட்டும் தொடலாம், அதுவும் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது. தினமும் காலையில் தேவாரம் பாடி முடித்ததும் இதை ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். இருபது கைகள் ஒன்றாக நீளும்போது வாசலில் நிற்கும் ஜாகா தாத்தா ஓர் அடி பின்னால் போவார்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண். சத்தம் குறைவு, கேள்வி அதிகம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மாவுக்குக் கூலிம் பக்கம் கம்பெனியில் சிஃப்ட் வேலை. பாடம் நடந்த முதல் நாளே அவள் கையைத் தூக்கினாள்.

"வேன் அங்கிளா இருந்தாலுமா டீச்சர்?"

"ஆமா."

"மாமாவா இருந்தாலுமா? என் சொந்த மாமா?"

"சொந்த மாமாவா இருந்தாலும்."

"சொல்லியும் அவங்க நிறுத்தலன்னா?"

"என்கிட்ட வா. நான் உன் பக்கம் நிப்பேன்."

சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தத் தடத்தில் நடந்தவள் இப்போது ஒரு பிள்ளைக்கு நேர்வழி காட்டுகிறாள் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பாடத்தின் கடைசியில் ஆளுக்கொரு மணிலா அட்டை கொடுத்தேன். கையை வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் ஒரு முகம் போட வேண்டும். ஏதாவது நடந்தால் போய்ச் சொல்லக்கூடிய ஐந்து பேர். அவள் கட்டை விரலில் அம்மாவையும், அடுத்ததில் அப்பாவையும், நடுவிரலில் கண்ணாடி போட்ட என்னையும், அதற்கடுத்து பக்கத்து வீட்டு அக்காவையும் வரைந்தாள். சுண்டு விரலில் மீசை வைத்த ஒரு பூனை இருந்தது.

"பூனைகிட்ட சொன்னா பூனை என்னம்மா பண்ணும்?" என்றேன்.

"கேக்கும் டீச்சர்."

மாற்று என்று சொல்ல வாய் வரவில்லை. அட்டைகளை எல்லாம் சுவரில் ஒட்டினோம்.

ஒரு மாதம் போயிருக்கும். அவளுக்குக் காதுகுத்து என்று அம்மா பத்திரிகை கொடுத்தார். மூன்று வயதில் நடந்திருக்க வேண்டியது. தாய்மாமன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறார். அவர் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி? அவருக்கு லீவு கிடைக்காமல் ஐந்து வயதுக்குத் தள்ளிப்போய்விட்டது. கரங்கான் பக்கம் அப்பாவின் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்திருந்தார்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. யாராக இருந்தாலும் என்று ஒரு பிள்ளைக்கு நூறு முறை சொல்லிக்கொடுத்தவள், அந்தப் பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்து ஊசி குத்துவதைப் பார்க்கப் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நம்மவர்களுக்குத்தான் இப்படி ஒரு மறதி வரும். காதுகுத்தைத் தொடுவதாகவே நாம் கணக்கில் எடுப்பதில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். பத்தரை மணிக்குள் நல்ல நேரம். மாமன் கொண்டுவந்த சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பெரிய உடம்பு அவருக்கு, முன்னங்கைகளில் தீப்பொறி பட்ட தழும்புகள், கட்டிப் பழக்கமில்லாத வேட்டி. மூன்று நாள் லீவில் வந்திருந்தார், அன்றைக்கு ராத்திரியே பஸ். பட்டுப்பாவாடையோடு அவள் அவர் மடியில் உட்கார்ந்தாள். நான் கையில் கேசரித் தட்டோடு பக்கத்தில் போய் நின்றேன். காது குத்த வந்த பத்தர் பொன்னூசியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

அவள் கையை நீட்டினாள். முழங்கை மடியவில்லை.

"வேண்டாம். நிறுத்துங்க. இது என் உடம்பு."

கூட்டம் சிரித்தது. யாரோ, "அடேங்கப்பா, வக்கீலு" என்றார்கள். பத்தரும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல பாப்பா, கண்ண மூடு" என்று மறுபடி குனிந்தார். அவள் கையை இறக்கவில்லை. இன்னொரு தடவை அதையே சொன்னாள், இன்னும் சத்தமாக. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அப்போது அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள்.

அந்தக் கண்களை நான் மறக்க முடியாது. அதில் பயம்கூட இல்லை. சொன்னபடி செய்துவிட்டேன், இனி உங்கள் முறை என்ற ஒரு நம்பிக்கை இருந்தது.

நான் என்ன செய்தேன்? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சிரித்தேன். "ஒரு நிமிஷம்தாம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

"பாரு, டீச்சரே சொல்லிட்டாங்க" என்றார் அம்மா.

அவள் கை மெதுவாக இறங்கியது. அவள் அழவில்லை. மூடியிருக்கும் கடையைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இடத்திலேயே எனக்கு நான் செய்தது தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்தர் காது மடலைப் பிடித்தபோதுதான் மாமனின் குரல் வந்தது.

"நிறுத்துங்கண்ணே."

மெதுவாகத்தான் சொன்னார். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். மாமன் குனிந்து அவளிடம் கேட்டார்.

"வேணாமா பாப்பா?"

"வேணாம்."

"சரி. வேணாம்."

அவ்வளவுதான். கூட்டம் எழுந்து பேச ஆரம்பித்தது. நேரம் போகிறது என்றார்கள். சாமி காரியம் என்றார்கள். அம்மா கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "அண்ணே, ரெண்டு வருசமா உனக்காகக் காத்திருந்து வெச்சதுண்ணே. அது சின்னப் புள்ளலா, அதுக்கு என்ன தெரியும்?"

"என் மடியில உக்காந்துகிட்டு வேணாங்குது. ஒடம்பு நடுங்குது, உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது" என்றார் அவர். "நானே இதக் கேக்கலன்னா, நாளைக்கு வேற எவன்கிட்டயாச்சும் எப்படி வேணாம்னு சொல்லும்?"

"எறங்குறியா?" என்று அவளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். இறக்கிவிட்டார். பிறகு, சாப்பாடு ஆறிப்போகிறது, எல்லோரும் சாப்பிடுங்கள் என்று தானே போய் இலை போட ஆரம்பித்தார். நான் வகுப்பெடுத்ததில்லை அவருக்கு, கையேடும் கொடுத்ததில்லை. நான் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்துவிட்டுக் கோட்டைவிட்டதை, எப்போதாவது லீவு கிடைத்து வரும் ஒரு வெல்டர் சபை நடுவில் செய்து காட்டிவிட்டார். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வெட்கத்தாலா வியப்பாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விளையாட்டு நேரம் முடிந்து வகுப்புக்குப் போனால் சுவரில் அவள் அட்டையில் ஒரு மாற்றம். நடுவிரலில் இருந்த கண்ணாடிக்காரி அழிந்திருந்தாள். ரப்பரால் தேய்த்துத் தேய்த்து அட்டையே சற்று கிழிந்திருந்தது. அதன் மேல் பெரிய தலையோடு ஒரு மாமா. சுண்டு விரலில் பூனை இருந்தது. நான் இல்லை.

சிரிக்கலாம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கோபித்துக்கொண்டாள் என்பதற்காக அல்ல. நாளை அவளுக்கு உண்மையிலேயே ஏதாவது நடந்தால், பகலில் பாதி நேரம் அவளோடு இருக்கும் ஒரு பெரியவளிடம் அவள் வரமாட்டாள். இன்னொரு தொட்டி, இன்னொரு சுற்றுவழி. இந்த முறை அவள் சுற்றிப் போவது என்னை.

அன்று மதியம் வாசலில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நல்லா சொல்லிக் குடுத்தீங்க டீச்சர். இனிமே கிளினிக்ல ஊசி போட்டாலும் இதையேதான் சொல்லும். நீங்க வந்து பேசுவீங்களா?"

நியாயமான கேள்வி. வழக்கமாக என்றால் நானும் நாலு வார்த்தை கூடச் சேர்த்துப் பேசியிருப்பேன். அன்று சேர்க்கவில்லை. "ஊசி போட்டுத்தாம்மா ஆகணும். வேணாம்னு சொன்னாலும் போடணும். ஆனா வலிக்கும்னு சொல்லிட்டுப் போடுவோம்" என்றேன். சொல்லும்போதே அந்த எறும்பு என் வாயிலேயே கடித்தது.

மறுநாள் விளையாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட ஆசிரியரை நான் பார்த்ததில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியாது.

"கோயில்ல நீ என்னப் பாத்த. நான் உன் பக்கம் நிக்கல. நிப்பேன்னு சொல்லிட்டு நிக்கல. தப்பு என்னுது. மன்னிச்சிரும்மா."

அவள் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலைந்து கட்டைகள் ஏறிய பிறகு கேட்டாள்.

"கேசரி நல்லா இருந்துச்சா டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள். அட்டையை மாற்று என்று நான் கேட்கவில்லை. அது அவள் கை. அவள் விரல்.

மாதங்கள் ஓடின. தீபாவளி லீவுக்கு மாமன் மறுபடி வந்தார். ஒருநாள் அம்மா வாசலில் என்னைக் கூப்பிட்டார், கோபமெல்லாம் ஆறியிருந்தது. மகளும் அண்ணனும் போனில் முகம் பார்த்துப் பேசிப்பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்களாம். குத்திக்கொள்ளலாம், ஆனால் எப்போது என்று அவள்தான் சொல்லுவாள். "உங்களையும் வரச் சொல்லுது டீச்சர். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

அதே கோயில். இந்த முறை பத்துப்பேர்கூட இல்லை. தட்டு இல்லை, மேளம் இல்லை. பத்தரும் அதே பத்தர். போன தடவை நடந்ததில் அவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உக்காருறியா?" என்று கேட்டார். அவள் தானாக வந்து உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்தார். குனியவில்லை.

"பாப்பா, குத்தவா?"

"வலிக்குமா தாத்தா?"

பத்தர் மாமனைப் பார்த்தார். பிறகு, "வலிக்கும்" என்றார்.

"இருங்க" என்றாள் அவள்.

இருந்தோம். பத்தரின் கையில் ஊசி அப்படியே நின்றது. பூசாரி மணியைப் பிடித்தபடி நின்றார். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே செம்பனை மரங்களுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் போய்த் தேய்ந்து மறைந்தது. நரை விழுந்த பெரியவர்கள் அத்தனைபேரும் ஒரு சின்னப் பிள்ளையின் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். என் ஆயுளில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. சாமி புறப்பாட்டுக்குக்கூட நாங்கள் இவ்வளவு அமைதியாக நின்றதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் மாமனின் கட்டை விரலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ம். இப்ப."

குத்தினார். அவள் கோயிலே அதிரும்படி அழுதாள். மாமன் கண்ணை மூடிக்கொண்டார், அவளைவிட அவருக்குத்தான் அதிகம் வலித்ததுபோல இருந்தது. அழுகை விம்மலாகி நிற்கும்வரை பத்தர் பொறுத்திருந்தார். பிறகு அடுத்த பக்கம் வந்து, "இந்தக் காது?" என்று கேட்டார்.

"வேணாம்."

"சரி பாப்பா" என்று ஊசியைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாற்பது வருடமாகக் காது குத்துகிறவர், ஒற்றைக் காதோடு பெட்டியை மூடியது அதுதான் முதல் தடவையாம். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவள் மடியிலிருந்து இறங்கினாள். இடது காதில் மட்டும் தோடு, கன்னமெல்லாம் கண்ணீர். அம்மாவிடம் போவாள் என்று நினைத்தேன். என்னைத் தேடி வந்து நேரே முன்னால் நின்றாள்.

"டீச்சர், வலிச்சிச்சு. எறும்பு மாதிரி இல்ல."

நான் கீழே உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்தேன். "ஆமாம்மா. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அவள் கொஞ்ச நேரம் என் கண்ணாடியையே பார்த்தாள். சுவரில் இருக்கும் அந்த அட்டையில் நான் இன்னும் இல்லை. ஆனாலும் வலித்ததும் வந்து என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, செய்யவேண்டிய வேலை இன்னும் ஒன்று பாக்கி இருப்பதுபோல மாமனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, வீட்டுக்குப் போலாம். பூனைகிட்டயும் சொல்லணும்."